ரவுட்டரின் அமைப்புப் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: புதிய ரவுட்டர் ஒன்றை வாங்கி இணைத்திருக்கிறேன். பிரவுசரில் 192.168.1.1 என்ற முகவரியைத் திறந்து அமைப்புகளைச் செய்துகொள்ளும்படி கையேடு சொல்கிறது. நான் அதைத் தட்டினால் ஒருமுறை தேடுபொறியின் பட்டியல் வருகிறது. மறுமுறை பக்கத்தைத் திறக்க இயலவில்லை என்று வருகிறது. இணைய இணைப்பே இன்னும் வராதபோது இந்தப் பக்கம் மட்டும் எப்படித் திறக்கும்?

பதில்: உங்கள் கடைசி வரியில்தான் முடிச்சு இருக்கிறது. அந்தப் பக்கம் இணையத்தில் இல்லை. நீங்கள் வாங்கிய பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. ரவுட்டர் ஒரு சிறிய கணினி. அமைப்புப் பக்கங்களைக் காட்டுவதற்கென்றே ஒரு வலைச் சேவையகம் அதனுள் இயங்கிக்கொண்டிருக்கிறது. ஆகவே வெளி இணைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், உங்கள் கணினிக்கும் ரவுட்டருக்கும் தொடர்பு இருந்தால் போதும், பக்கம் திறக்க வேண்டும். 192.168 என்று தொடங்கும் முகவரிகளும், 10 என்று தொடங்குபவையும், 172.16 முதல் 172.31 வரையிலானவையும் தனி வலையமைப்புகளின் உட்பயன்பாட்டுக்காக 1996-இல் வெளியான இணையத் தர ஆவணத்தில் ஒதுக்கப்பட்டவை. உலகில் எத்தனையோ வீடுகளில் ஒரே 192.168.1.1 இருந்தும் ஒன்றோடொன்று மோதாமல் இருப்பதற்கு, அந்த முகவரிகள் வீட்டு வாசலைத் தாண்டிச் செல்வதில்லை என்பதே காரணம்.

தேடல் பட்டியல் வருவதற்குக் காரணம், நீங்கள் தட்டியதை பிரவுசர் முகவரியாக எடுத்துக்கொள்ளாமல் தேடுசொல்லாக எடுத்துக்கொண்டதுதான். எண் 1-க்குப் பதிலாக ஆங்கில எழுத்தான எல் விழுந்திருந்தாலும், புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி விழுந்திருந்தாலும் இப்படி நடக்கும். முகவரிப் பட்டையில் முதலில் எச்டிடிபி என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையும், அடுத்து முக்காற்புள்ளியையும் இரண்டு சாய்கோடுகளையும் இட்டு, அதன்பின் எண்களை இடைவெளியின்றித் தட்டுங்கள். பட்டியலில் வரும் இணைப்புகள் எதையும் சொடுக்காதீர்கள். அவற்றில் எதுவும் உங்கள் ரவுட்டர் அல்ல.

பக்கம் திறக்கவே இல்லை என்றால், தொடர்பைச் சரிபார்க்க வேண்டும். முதல் முறை அமைக்கும்போது வைஃபையை நம்புவதைவிடக் கேபிளில் இணைப்பதையே நான் பரிந்துரைப்பேன். கைபேசியில் செய்தால், வைஃபையில் இணையம் இல்லை என்று கண்டவுடன் அது தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடுகிறது. நாம் ரவுட்டரைத் தேடிக்கொண்டிருக்க, கைபேசி வேறு திசையில் தேடிக்கொண்டிருக்கும். மொபைல் டேட்டாவையும், இணையப் போக்குவரத்தை வேறு வழியில் திருப்பிவிடும் விபிஎன் செயலியையும் தற்காலிகமாக நிறுத்திவிட்டு முயலுங்கள். கேபிளை லேன் என்று குறிக்கப்பட்ட துளைகளில் ஒன்றில்தான் செருக வேண்டும். வேன் என்று தனித்துக் காட்டப்பட்ட துளை வெளியிலிருந்து வரும் இணைப்புக்கு உரியது.

கையேட்டில் உள்ள முகவரி உங்கள் ரவுட்டருக்குப் பொருந்தாமலும் இருக்கலாம். கணினியின் நெட்வொர்க் விவரங்களில் டீஃபால்ட் கேட்வே என்ற வரியில் காணும் எண்ணே உங்கள் ரவுட்டரின் உண்மையான முகவரி. அங்கே கணினியின் சொந்த முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து அதற்கு முகவரியே கிடைக்கவில்லை என்று பொருள். அப்போது பிரவுசரை விட்டுவிட்டுக் கேபிளைக் கவனியுங்கள்.

கேள்வி: பக்கம் திறந்து பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிறது. என் வைஃபை கடவுச்சொல்லைக் கொடுத்தேன், ஏற்கவில்லை. இணைய நிறுவனம் கொடுத்த கடவுச்சொல்லையும் கொடுத்துப் பார்த்தேன். அதுவும் தவறு என்கிறது.

பதில்: எனக்கு வரும் கடிதங்களில் பாதிக் குழப்பம் இந்த இடத்தில்தான் நிகழ்கிறது; அதனால் சற்று நிதானமாகச் சொல்கிறேன். ஒரு ரவுட்டரைச் சுற்றி மூன்று தனித்தனிக் கடவுச்சொற்கள் உண்டு. வைஃபை கடவுச்சொல் உங்கள் கருவிகளை ரவுட்டருடன் இணைக்கிறது. இணைய நிறுவனம் கொடுத்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ரவுட்டரை அந்த நிறுவனத்துடன் இணைக்கின்றன. பயனர் பெயர் கேட்டு இணைக்கும் பிபிபிஓஇ போன்ற இணைப்பு முறைகளில் மட்டுமே அவை தேவைப்படும், அவற்றை இட வேண்டிய இடம் உள்ளே வேன் பகுதியில் இருக்கிறது. மூன்றாவதான நிர்வாகக் கடவுச்சொல்தான் இப்போது உங்களைக் கேட்பது. அது அமைப்புப் பக்கத்துக்கு மட்டும் உரியது.

அது பெரும்பாலும் ரவுட்டரின் அடிப்புறத்தில் ஒட்டியுள்ள லேபிளில் அச்சிடப்பட்டிருக்கும். சில புதிய ரவுட்டர்களில் அப்படி எதுவும் இருக்காது. முதன்முறை திறக்கும்போது நீங்களே ஒன்றை உருவாக்கிக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே ஒருவர் மாற்றிவைத்து மறந்துவிட்டார் என்றால், ரீசெட் என்று எழுதிய சிறு துளையில் ஊசி போன்ற ஒன்றை நுழைத்து, மின்சாரம் இருக்கும் நிலையிலேயே ஏறத்தாழ பத்து விநாடிகள், அல்லது விளக்குகள் அணைந்து எரியும் வரை, அழுத்திப் பிடிக்க வேண்டும். ஆனால் அதைச் செய்தால் இணைய நிறுவனத்தின் விவரங்கள் உட்பட எல்லா அமைப்புகளும் அழிந்துவிடும். அந்த விவரங்கள் கையில் எழுத்தாக இருக்கின்றனவா என்று உறுதி செய்துகொள்ளாமல் ரீசெட் துளையைத் தொடாதீர்கள்.

கேள்வி: நிறுவனம் கொடுத்த பழைய மோடத்தின் பின்னால் புதிய ரவுட்டரை இணைத்தேன். இரண்டும் வேலை செய்கின்றன, ஆனால் புதியதன் வழியாக இணையம் வரவில்லை. அமைப்புப் பக்கமும் சில நேரம் பழையதையே காட்டுகிறது.

பதில்: இரண்டு பெட்டிகளும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியை வைத்துக்கொண்டிருக்கின்றன என்று நினைக்கிறேன். ஒரே தெருவில் இரண்டு வீடுகளுக்கு ஒரே கதவு எண் இருந்தால் தபால் எங்கே போகும்? புதிய ரவுட்டரின் வேன் பக்கமும் லேன் பக்கமும் ஒரே முகவரி வரிசையில் அமைந்துவிட்டால், எந்தத் தரவை எந்தப் பக்கம் அனுப்புவது என்று அதனால் தீர்மானிக்க முடியாது. மோடத்திலிருந்து வரும் கேபிளைச் சற்று நேரம் கழற்றிவிட்டு, புதிய ரவுட்டரின் லேன் பகுதிக்குச் சென்று அதன் முகவரியை 192.168.2.1 என்று மாற்றிச் சேமியுங்கள். சேமித்ததும் பக்கம் அப்படியே உறைந்து நின்றுவிடும். பலர் இங்கே பதறி மின்சாரத்தை அணைத்துவிடுகிறார்கள். அது பிழை அல்ல. ரவுட்டர் புதிய முகவரிக்குப் போய்விட்டது, பிரவுசர் பழைய முகவரியிலேயே காத்திருக்கிறது. கணினியின் கேபிளைக் கழற்றி மீண்டும் செருகி, புதிய முகவரியைத் தட்டினால் பக்கம் வந்துவிடும். அதன்பின் மோடத்தின் கேபிளை வேன் துளையில் செருகுங்கள்.

இவ்வளவில் இணையம் வந்துவிடும் என்றாலும், வீட்டு முகவரிகளை வெளி முகவரியாக மாற்றித்தரும் வேலையை இரண்டு கருவிகளும் அடுத்தடுத்துச் செய்துகொண்டிருக்கும். சாதாரணப் பயன்பாட்டில் இது உறுத்தாது. வெளியிலிருந்து வீட்டுக் கேமராவை அணுகுவோருக்கும் சில இணைய விளையாட்டுகளை ஆடுவோருக்கும் தொல்லை தரலாம். அந்த வேலையைப் புதிய ரவுட்டரிடம் விட்டுவிட்டு வெறும் பாலமாக இயங்கும் பிரிட்ஜ் முறைக்கு மோடத்தை மாற்றினால் இது தீரும்.

கேள்வி: அமைப்புப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் 'பாதுகாப்பற்றது' என்று பிரவுசர் எச்சரிக்கிறது. தொடரலாமா?

பதில்: நீங்களே முகவரியைத் தட்டி, உங்கள் சொந்த வலையமைப்பில் திறந்ததாக இருந்தால் தொடரலாம். வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரிக்குப் பொதுச் சான்றிதழ் நிறுவனங்கள் சான்று அளிப்பதில்லை. எச்சரிக்கை அதனால் வருகிறது.

கேள்வி: இணையம் வந்துவிட்டது. இனி அந்தப் பக்கத்தில் வேறு எதையும் தொட வேண்டுமா?

பதில்: கட்டாயம் தொட வேண்டும். இணையம் வந்ததும் பக்கத்தை மூடிவிடுவதுதான் வீட்டு வலையமைப்புகளின் மிகப் பெரிய பலவீனம் என்பது என் உறுதியான கருத்து. 2016-இல் பரவிய மிராய் என்ற தீநிரல், கேமராக்களையும் ரவுட்டர்களையும் எந்த நுட்பமான தந்திரத்தாலும் பிடிக்கவில்லை. தொழிற்சாலையில் வைக்கப்பட்ட பயனர் பெயர் – கடவுச்சொல் இணைகள் சுமார் அறுபதை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே லட்சக்கணக்கான கருவிகளைக் கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அக்கருவிகள் தளப் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றித்தரும் ஒரு பெரிய டிஎன்எஸ் சேவையைத் தாக்க, உலகின் பல முன்னணித் தளங்கள் மணிக்கணக்கில் திறக்கவில்லை. எனவே நிர்வாகக் கடவுச்சொல்லை வேறெங்கும் பயன்படுத்தாத ஒரு நீண்ட சொற்றொடராக இன்றே மாற்றுங்கள். ரிமோட் மேனேஜ்மென்ட் என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள். உங்கள் ரவுட்டரின் கதவை இணையத்தின் பக்கம் திறந்துவைப்பது அதுதான்.

வைஃபை பாதுகாப்பு முறைகளில் டபிள்யூபிஏ3 இருந்தால் அதையும், பழைய கருவிகள் இணைய மறுத்தால் டபிள்யூபிஏ2-வையும் தேர்ந்தெடுங்கள். இவற்றுக்கு முந்தைய டபிள்யூஇபி என்ற முறை 2001-லேயே உடைக்கப்பட்டது. அதை மட்டுமே அறிந்த கருவி வீட்டில் இருந்தால், அதற்காக மற்ற எல்லாவற்றின் பாதுகாப்பையும் குறைக்காதீர்கள். நீண்ட கடவுச்சொல்லைத் தட்டாமலே கருவிகளை வைஃபையில் இணைக்க உதவும் டபிள்யூபிஎஸ் வசதியின் எட்டு இலக்க எண்ணை இரண்டு பகுதிகளாகத் தனித்தனியே சரிபார்ப்பதால், 11,000 முயற்சிகளுக்குள் அதைக் கண்டுபிடித்துவிட முடியும் என்று 2011-இல் வெளிப்பட்டது. அதையும் அணைத்துவிடுவதே நல்லது.

ரவுட்டரை இயக்கும் உள்மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கும் பகுதியில் புதிய பதிப்பு இருந்தால் நிறுவுங்கள். அது முடியும்வரை மின்சாரத்தை அணைக்காதீர்கள், இடையில் நின்றால் ரவுட்டரே இயங்காமல் போகலாம். எல்லாம் முடிந்தபின் பேக்கப் என்ற பொத்தானை அழுத்தினால் அமைப்புகள் அனைத்தும் ஒரு சிறு கோப்பாகக் கணினியில் இறங்கும். அதில் உங்கள் கடவுச்சொற்களும் அடங்கியிருக்கக்கூடும் என்பதால் யாருக்கும் அனுப்பாமல் வைத்துக்கொள்ளுங்கள். என்றேனும் ரீசெட் செய்ய நேர்ந்தால், அந்தக் கோப்பை அதே பக்கத்தில் ஏற்றிப் பழைய நிலைக்குச் சில நிமிடங்களில் திரும்பிவிடலாம்.