இசை விமர்சனம், சஞ்சிகை, வானொலி: திருகோணமலைக் கேள்விகளும் பதில்களும்

திருகோணமலையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் சங்கீதம் படிக்கிற, படிப்பிக்கிற, ஆசையோடு கேட்கிற பலர் அனுப்பிய கேள்விகள் இவை. பதில் சொல்பவர் பத்திரிகைகளில் இசை விமர்சனம் எழுதி, ஒரு கலைச் சஞ்சிகைக்கு ஆசிரியராக இருந்து, பின்னர் வானொலி இசை நிகழ்ச்சித் தயாரிப்பாளராகி ஓய்வு பெற்றவர்.

உவர்மலையிலிருந்து உயர்தர மாணவி: அன்ரி, விமர்சகர், சஞ்சிகை ஆசிரியர், வானொலித் தயாரிப்பாளர் என்பவை மூன்று தொழில்கள் அல்லவா? ஒருவரே மூன்றையும் எப்படிச் செய்வது?

வெளியில் இருந்து பார்த்தால் மூன்று, பிள்ளை. உள்ளே வந்துவிட்டால் ஒன்றுதான். கேட்டதை விமர்சகர் எழுதுகிறார். பிறர் கேட்டு எழுதியதில் எது நிற்கும், எது நிற்காது என்று ஆசிரியர் பார்க்கிறார். தயாரிப்பாளரோ மற்றவர்களும் கேட்கும்படி வழி செய்கிறார். மூன்றுக்கும் முதல் காதுதான்.

லண்டனில் வில்லியம் கிளொக் என்று ஒருவர் இருந்தார். பெர்லினில் பியானோ படித்தவர். 'ஒப்சேர்வர்' பத்திரிகையில் விமர்சனம் எழுதினார். 1949 இல் 'தி ஸ்கோர்' என்ற இசைச் சஞ்சிகையைத் தொடங்கி நடத்தினார். 1959 இல் பி.பி.சி. வானொலியின் இசைப் பிரிவுக்கே தலைமை ஏற்று, 1972 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அவர் காலத்தில் அங்கே சேர்ந்த ஹான்ஸ் கெல்லர் இன்னும் சுவாரசியமானவர். 1938 இல் வியன்னாவிலிருந்து நாசிகளுக்குத் தப்பி வந்தவர், விமர்சகர், 'மியூசிக் சேர்வே' சஞ்சிகையின் ஆசிரியர்களில் ஒருவர். ஓர் இசைப்படைப்பை விளக்க ஒரு சொல் கூட வேண்டாம், அதன் பகுதிகளை எடுத்து வாசித்தே விளக்கலாம் என்று சொல்லி, பி.பி.சி.யில் வேலைக்குச் சேரும் முன்பே, 1957 இல், மோட்சார்ட் நான்கு தந்தி வாத்தியங்களுக்கு எழுதிய ஒரு நால்வர் இசையை அப்படியே வானொலியில் விளக்கிக் காட்டினார். விமர்சகரும் தயாரிப்பாளரும் ஒரே ஆளுக்குள் இருந்தால்தான் அப்படி ஒரு யோசனை பிறக்கும்.

நிலாவெளி வாசகர்: எனக்குப் பாட வராது. விமர்சனம் எழுதலாமா?

எழுதலாம். ஆனால் ராகம் பிடிபட வேண்டும், தாளம் கையில் நிற்க வேண்டும். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைகளுக்குப் பிள்ளைகள் படிக்கிற பாடங்களையே நீங்களும் இருந்து படியுங்கள். பரீட்சை எழுதத் தேவையில்லை. கீர்த்தனை எந்த இடத்தில் எடுப்பு, அதாவது தாளத்தின் எந்த இடத்தில் பாட்டுத் தொடங்குகிறது என்று தெரியாதவர், ஓர் அடியையே பலவிதமாக விரித்துப் பாடுகிற நிரவலைப் பற்றி எழுதினால், பாடியவருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

கிண்ணியாவிலிருந்து ஓர் ஆசிரியர்: கச்சேரியில் இருந்துகொண்டு எதை எதைக் குறித்துக்கொள்வீர்கள், ரீச்சர்?

பாட்டுப் பட்டியலைக் குறிப்பது சின்ன வேலை. உருப்படி, ராகம், தாளம், இயற்றியவர் ஆகிய நான்கும் ஒரு வரிக்குள் அடங்கும். அதற்கு மேல் நான் குறிப்பது 'இடம்'. ராகத்தை விரித்துப் பாடுகிற ஆலாபனையில் தாரஸ்தாயி ஷட்ஜத்துக்கு, அதாவது மேல் 'ஸ'வுக்குப் போகும்போது சுருதி நின்றதா, கொஞ்சம் தூக்கியதா? நிரவலுக்கு எந்த அடியை எடுத்தார், சொல் உடைந்ததா? உடனுக்குடன் ஸ்வரம் கோத்துப் பாடுகிற கற்பனை ஸ்வரத்தில், முடிவாக வைக்கிற கோர்வை எடுப்பில் வந்து விழுந்ததா, இல்லை மிருதங்கக்காரர் அணைத்துக் கொண்டு வந்து சேர்த்தாரா? அப்படிச் சேர்த்திருந்தால் அதற்கான பாராட்டு மிருதங்கத்துக்குப் போக வேண்டும். 'பக்கவாத்தியம் பக்கபலமாக அமைந்தது' என்று எழுதிவிட்டுப் போவது அந்தக் கலைஞர்களுக்குச் செய்கிற அநியாயம். வயலின்காரர் ஆலாபனையில் என்ன புதிதாகச் சொன்னார் என்று ஒரு வாக்கியமாவது எழுதுங்கள்.

இன்னொன்று, மண்டபம். ஒலிபெருக்கி கெட்டால் குரல் கெட்டது போலத்தான் கேட்கும். முதல் வரிசையில் ஒரு தரம், கடைசி வரிசையில் ஒரு தரம் இருந்து கேளுங்கள். இரண்டும் வேறு வேறாக இருந்தால் பழி பாடகருடையது அல்ல.

வீட்டுக்கு வந்தவுடன் எழுதிவிட வேண்டும். 'தெய்வீகம்', 'மெய்மறந்தோம்', 'அமுத மழை' எல்லாவற்றையும் நான் ஆசிரியராக இருந்தபோது வெட்டினேன். வெட்டிய பிறகு எஞ்சுகிற வாக்கியங்கள்தான் விமர்சனம். சிலருடைய கட்டுரையில் எதுவும் எஞ்சாது, அதையும் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

திருகோணமலை நகரிலிருந்து நடன ஆசிரியை: சின்ன ஊர், அக்கா. எல்லோரும் தெரிந்தவர்கள். குறை எழுதினால் நாளைக்குக் கோயிலில் முகம் பார்க்க வேண்டுமே?

இது உண்மையான கஷ்டம். பெரிய நகரத்து விமர்சகருக்கு இது கிடையாது. இசை விமர்சகர் சுப்புடு கடுமையாக எழுதிப் பேர் எடுத்தவர் என்றால், டெல்லி, சென்னை போன்ற பெரிய இடங்களுக்குள் அது செல்லும். ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற பெயரில் 'ஆடல் பாடல்' எழுதிய கல்கிக்கும் அப்படியே. இங்கே நாங்கள் கல்யாண வீட்டிலும் செத்த வீட்டிலும் ஒரே பாயில் இருக்கிறவர்கள்.

நான் வைத்துக்கொண்ட முறை இது. அரங்கேற்றத்தை விமர்சிப்பதில்லை. அது பிள்ளையும் குருவும் குடும்பமும் சேர்ந்து கொண்டாடுகிற நாள், செய்தியாக எழுதலாம். ரிக்கற் விற்ற கச்சேரி, சன்மானம் வாங்கிய கச்சேரி என்றால் எழுதுவேன். ஆளைப் பற்றி எழுத மாட்டேன், கேட்ட ஒலியைப் பற்றி எழுதுவேன். 'பயிற்சி போதாது' என்பது ஆளைப் பற்றிய பேச்சு, எனக்கு அது எப்படித் தெரியும்? 'தோடி ராகத்தில் அசைத்துப் பாட வேண்டிய காந்தார ஸ்வரம் அசையாமல் நின்றது' என்பது எல்லோரும் கேட்ட விஷயம். அதை மறுப்பவர் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டலாம். கோபம் வரத்தான் செய்யும். ஆனால் சரிபார்க்கக் கூடிய குறையைச் சொன்னால் அந்தக் கோபம் சீக்கிரம் ஆறும். உறவுக்காகப் பொய்யாகப் புகழ்ந்தால், அந்தப் பாடகரை அடுத்த முறை உண்மையாகவே புகழும்போது உங்கள் சொல்லை யாரும் நம்ப மாட்டார்கள். அதுதான் அவருக்குப் பெரிய நட்டம்.

மூதூரிலிருந்து ஒருவர்: விமர்சகர்களுக்கு உண்மையில் கேட்கிறதா, இல்லை எழுதப் பழகிவிட்டதால் எழுதுகிறார்களா?

நான் மேலே சொன்ன கெல்லருக்கும் இதே சந்தேகம் இருந்தது. 1961 இல் அவரும் பியானோக் கலைஞர் சூசன் பிராட்ஷோவும் பி.பி.சி. கலையகத்துக்குள் போய், அங்கே கிடந்த தாள வாத்தியங்களைக் கைக்கு வந்தபடி தட்டி ஒலிப்பதிவு செய்தார்கள். பியோட்டர் ஸாக் என்று இல்லாத ஒரு இளம் இசையமைப்பாளரின் பெயரைச் சூட்டி, மற்றப் புதிய படைப்புகளோடு சேர்த்து ஒலிபரப்பினார்கள். விமர்சகர்கள் அதையும் ஒரு படைப்பாகவே எடுத்து விமர்சனம் எழுதினார்கள். அவர்களுக்கு அது பிடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் இது பகிடி என்று கண்டுபிடிக்கவில்லை.

இதை வைத்து விமர்சகர்களைச் சிரிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அது வேறு பாடம். பழக்கமில்லாத இசையை ஒரு தரம் மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. வானொலிக்காரர்களுக்கு ஒரே பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிற வசதி இருந்தது, அது என் காதைத் திருத்தியது. இன்றைக்கு உங்கள் எல்லோர் கையிலும் அந்த வசதி இருக்கிறது.

தம்பலகாமத்திலிருந்து ஒரு தம்பி: எங்கள் கோயில் திருவிழாவில் நாதஸ்வரமும் தவிலும் வாசிக்கிற மேளச்சமாவைப் போனில் பதிவு செய்தால் ஒரே இரைச்சலாக வருகிறது. என்ன செய்வது?

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கே உங்களுக்கு நன்றி. யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி 1975 இல் போய்விட்டார். அவருடைய தவிலை இன்றைய பிள்ளைகள் கேட்கிறார்கள் என்றால், யாரோ மினக்கெட்டுப் பதிவு செய்ததால்தான். எங்கள் மாவட்டத்துக் கோயில்களில் வாசித்த எத்தனையோ நல்ல கைகள் பதிவில்லாமலே போய்விட்டன.

நாதஸ்வரத்தின் அணைசுக்கு, அதாவது அதன் அகன்ற கீழ் முனைக்கு நேரே மைக்கைப் பிடித்தால் சத்தம் வெடிக்கும். ஒலி அணைசிலிருந்து மட்டுமல்ல, விரல் துளைகளிலிருந்தும் வருகிறது. ஒரு மீற்றருக்குக் குறையாமல் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில், நெஞ்சு உயரத்தில் வையுங்கள். தவிலுக்கு விரலில் கூடு போட்டு அடிக்கிற வலந்தலைதான் கூர்மையாகக் குத்தும், குச்சியால் அடிக்கிற மற்றப் பக்கமான தொப்பி தாழ்ந்த ஒலியில் அதிரும். தொப்பிப் பக்கம் கொஞ்சம் கூட வருகிற இடமாகப் பார்த்து நில்லுங்கள். கோயில் ஒலிபெருக்கிக்கும் ஜெனரேற்றருக்கும் முதுகு காட்டி நில்லுங்கள். ஆகப் பலமாக வாசிக்கிற இடத்திலும் பதிவு மீற்றரில் சிவப்பு எரியாத அளவுக்கு ஒலி மட்டத்தைக் குறைத்து வையுங்கள். மெல்லியதாகப் பதிந்ததைப் பிறகு கூட்டலாம், வெடித்ததைத் திருத்த முடியாது. போனை ஃப்ளைட் மோட்டில் போட மறக்க வேண்டாம். தவில் மட்டும் வாசிக்கிற 'தனி' நடக்கும்போது நடுவில் நிறுத்தாதீர்கள்.

சாம்பல்தீவு வாசகி: இதில் வருமானம் உண்டா?

விமர்சனத்தில் மட்டும் சீவிக்க முடியாது. சுப்புடுவே அரசாங்க உத்தியோகம் பார்த்துக்கொண்டுதான் எழுதினார். வானொலியிலும் நிரந்தர வேலை குறைவு. ஒலித் தொகுப்புப் பழகுங்கள், அதற்கு வேலை இருக்கிறது.

உப்புவெளி இளைஞர்: சினிமாப் பாட்டு விமர்சனத்துக்குத் தகுதியானதா?

ஏன் இல்லை? 1952 இல் இந்தியாவில் கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்து, அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஒதுக்கினார். சாஸ்திரிய சங்கீதத்தை வளர்க்கத்தான் அப்படிச் செய்தார், நோக்கத்தில் குறை இல்லை. ஆனால் கேட்கிற சனம் வானொலிப் பெட்டியைத் திருப்பி எங்கள் இலங்கை வானொலியைப் பிடித்தது. 1957 இல் அவர்களே சினிமாப் பாட்டும் போடுகிற விவித் பாரதி என்ற வானொலிச் சேவையைத் தொடங்க வேண்டி வந்தது. கேட்பவரின் விருப்பத்தை மதிக்காத தயாரிப்பாளருக்குக் கேட்பவர் மிஞ்ச மாட்டார். சினிமாப் பாட்டை எழுதும்போதும் இடையிசை, குரல் ஏறும் இடம், தாள மாற்றம் என்று எழுதுங்கள். நடிகரைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

ஒரு சங்கீத ரீச்சர்: இந்தப் பாதையில் எங்கள் மண்ணில் யாராவது?

சுவாமி விபுலானந்தரை நினையுங்கள். காரைதீவில் பிறந்து, எங்கள் திருகோணமலை இந்துக் கல்லூரியை நடத்தியவர். 'பிரபுத்த பாரதா' சஞ்சிகைக்கு ஆசிரியர். பழந்தமிழ் யாழைக் கணக்குப் போட்டு மீட்டெடுத்து 'யாழ் நூல்' எழுதினார். 1947 ஜூனில் அது திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது, அடுத்த மாதமே அவர் மறைந்துவிட்டார். அந்தப் புத்தகத்தைத் திறந்தால் வியப்புச் சொற்கள் குறைவு, சுருதி விகிதங்கள்தான் நிறைய. வாசகர் தானே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

பாடசாலை வானொலிக் கழக மாணவர்கள்: கோணேசர் பதிகத்தை வைத்துப் பதினைந்து நிமிட நிகழ்ச்சி செய்ய ஆசை. எங்கே தொடங்குவது?

சம்பந்தர் பதிகத்தின் பண், அதாவது பழந்தமிழ் ராகம், புறநீர்மை. ஓதுவார்கள் அதைப் பூபாளத்தில் பாடுவார்கள், விடியற்காலை ராகம். ஆகவே நீங்களும் விடியற்காலையில் கோணேசர் கோயிலுக்குப் போங்கள். மைக்குக்குப் பஞ்சு உறை போடாவிட்டால் மலை உச்சியில் காற்று மட்டும்தான் பதியும். யாரும் பேசாமல் இரண்டு மூன்று நிமிடம் கடலை மட்டும் பதிந்து கொள்ளுங்கள், துண்டுகளை ஒட்டும்போது அது கைகொடுக்கும். பதிகத்தில் கடல் முத்துக் கொழிக்கிறது. அந்த அடி வருகிற இடத்தில் மட்டும் அலையை மெல்லக் கூட்டிக் குறையுங்கள், முழுக்க அலை ஓடினால் பாட்டு மூழ்கிவிடும். அறிவிப்பாளர் பேச்சு மூன்று நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். பாடுகிறவரை வெட்டாதீர்கள், நேரம் போதாவிட்டால் பாட்டின் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

அலஸ்தோட்டத்திலிருந்து ஓர் ஐயா: வீட்டில் பழைய கச்சேரிக் கசற்றுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. எறியச் சொல்கிறார்கள் பிள்ளைகள்.

எறியாதீர்கள், ஐயா. முதலில் ஒவ்வொரு கசற்றின் உறையையும் இரண்டு பக்கமும் படம் எடுங்கள். யார், எங்கே, எப்போது என்று உங்களுக்கு நினைவிருப்பதை உங்கள் குரலிலேயே சொல்லிப் பதிந்து வையுங்கள். அந்த விவரம் உங்களோடுதான் இருக்கிறது. பூஞ்சணம் பிடித்த கசற்றைப் போட்டுப் பார்க்க வேண்டாம், பிளேயரின் தலையும் கெட்டு அடுத்த கசற்றும் கெடும், அவற்றைத் தனியே வையுங்கள். நல்லவற்றைக் கணினிக்கு மாற்றும்போது குறைந்தது 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட்டில் வேவ் கோப்பாகச் சேமிக்கச் சொல்லுங்கள், எம்.பி.3 ஆக மட்டும் வைக்க வேண்டாம். இரண்டு பிரதி, இரண்டு வேறு வீடுகளில் இருக்கட்டும். பிளேயர் இல்லையென்றால் சொல்லுங்கள், என்னுடையது இன்னும் ஓடுகிறது, கொண்டு வருகிறேன்.