நாற்பது சீட்டுகளின் பிடிவாதம்

கேள்வி: இரண்டு சீட்டுக்கட்டுகளை வைத்து ஒருவரே ஆடும் ‘ஃபார்ட்டி தீவ்ஸ்’ ஆட்டத்தில் தொடர்ந்து தோற்கிறேன். எங்கே தவறு செய்கிறேன்?

பதில்: 104 சீட்டுகளில் 40 சீட்டுகளை வரிசைக்கு நான்காகப் பத்து வரிசைகளில் திறந்து வைத்தபின், எஞ்சிய 64 சீட்டுகளை ஒவ்வொன்றாக ஒரே ஒரு முறைதான் புரட்டலாம் என்பதால், அவசரப்படுபவருக்கு இந்த ஆட்டம் இரக்கம் காட்டுவதில்லை. வரிசைகளில் ஒரே இனத்தை இறங்குமுகமாகவே அடுக்க வேண்டும். இஸ்பேட் ஒன்பதின் மேல் இஸ்பேட் எட்டு மட்டுமே அமரும். வரிசைகளுக்கு வெளியே, ஒரே இனத்தை ஏஸ் முதல் கிங் வரை ஏறுமுகமாகச் சேர்க்கும் எட்டு அடுக்குகளும் நிறைந்தால் வெற்றி. ஒரு வரிசை காலியானதும் கைக்கு வந்த சீட்டை அங்கே வைத்துவிடுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். சீட்டுகளை ஒவ்வொன்றாகவே நகர்த்த முடியும் என்பதால், மூன்று சீட்டுகள் கொண்ட ஒரு தொடரை வேறொரு வரிசைக்கு மாற்றவே இரண்டு காலியிடங்கள் வேண்டும். கவனமாக ஆடினாலும் பல ஆட்டங்கள் கைகூடாமலே போகும். அதற்கு நீங்கள் பொறுப்பல்ல.