மாலத்தீவின் கோக்ஸ் அலையில் 1.8 மீட்டர், 15 வினாடி என்றால் இறங்கலாமா?

கேள்வி இதுதான்: "சென்னைக்குப் பக்கத்துக் கோவளத்தில் ஆறு வருடமாகச் சர்ஃப் செய்கிறேன். ஜூலையில் மாலத்தீவின் துலுஸ்தூ தீவுக்குப் போகிறேன். நான் போய்ச் சேரும் நாளுக்கு முன்னறிவிப்பு 1.8 மீட்டர், 15 வினாடி, தெற்கு-தென்கிழக்கு என்று காட்டுகிறது. நம் ஊரில் 1.8 மீட்டரில் பலமுறை இறங்கியிருக்கிறேன். கோக்ஸில் இறங்கலாமா?"

இறங்கலாம். ஆனால் போய்ச் சேர்ந்த அன்றே வேண்டாம். அந்த 1.8 என்ற எண்ணை வைத்து முடிவெடுக்கவும் வேண்டாம். நீங்கள் பார்க்க வேண்டிய எண் பக்கத்தில் இருக்கும் 15, அதாவது ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே உள்ள இடைவெளி, வினாடிக் கணக்கில்.

நானும் கோவளத்தில்தான் பழகினேன். துலுஸ்தூவுக்கு நான்கு முறை போயிருக்கிறேன். முதல் முறை போனபோது உங்கள் கணக்கைத்தான் நானும் போட்டேன். அந்தக் கணக்கு எங்கே தப்புகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம் கடலில் 1.8 மீட்டர் காட்டும் நாட்களில் பெரும்பாலும் அதில் பெரும்பங்கு, பக்கத்துக் காற்று எழுப்பிய அலைதான். இடைவெளி 8 அல்லது 9 வினாடி இருக்கும். ஆழ்கடலில் 8 வினாடி அலையின் நீளம் சுமார் 100 மீட்டர். 15 வினாடி அலையின் நீளம் சுமார் 350 மீட்டர். இரண்டுக்கும் உயரம் ஒன்றாக இருந்தாலும் பின்னால் நகர்ந்து வரும் தண்ணீரின் அளவு ஒன்றல்ல. சுமந்து வரும் சக்தி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. முன்னறிவிப்பில் உயரம் மட்டும் பெரிய எழுத்தில் இருப்பதால் கண் அங்கேயே போகிறது. இடைவெளியைச் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள்.

அடுத்தது தரை. நம் கரையில் கடல் பல கிலோமீட்டருக்கு மெல்ல மெல்லத்தான் ஆழமாகிறது. தெற்கிலிருந்து வரும் நீண்ட அலை அந்தத் தரையில் உரசி உரசி, வேகம் குறைந்து, களைத்துப் போய்த்தான் நம்மிடம் வருகிறது. மாலத்தீவில் அப்படி இல்லை. பவளப்பாரின் விளிம்பைத் தாண்டியதும் கடல் சட்டென்று நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடும். ஆழத்தில் ஓடி வரும் அலைக்குக் கீழே தரை இருப்பதே கடைசி நேரத்தில்தான் தெரியும். வந்த வேகத்தில் பாரில் மோதி எழுந்து, முன்னால் தூக்கி எறியும். கோவளத்தில் அலை சரிந்து விழுவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது வேறு பொருளாகவே தெரியும்.

அந்த ஸ்வெல், அதாவது தூரத்துப் புயலில் பிறந்து ஓடி வரும் நீண்ட அலை, எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் முன்னறிவிப்பைப் படிப்பது சுலபம். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், 40 டிகிரி தெற்கு அட்சரேகைக்கும் கீழே, நம் கோடையிலும் ஆடியிலும் புயல்கள் வரிசையாகக் கிழக்கு நோக்கி ஓடிக்கொண்டிருக்கும். அங்கே கிளம்பும் 15 வினாடி ஸ்வெல்லின் சக்தி மணிக்கு சுமார் 42 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது, அதாவது நாளைக்கு ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர். ஐயாயிரம் கிலோமீட்டர் கடந்து மாலத்தீவுக்கு வர ஐந்து நாள் ஆகும். 12 வினாடி ஸ்வெல்லுக்கு இன்னும் ஒரு நாளுக்கு மேல் பிடிக்கும். அதனால் ஒரே புயலில் பிறந்த அலைகளில் நீண்ட இடைவெளி உள்ளவை முதலில் வந்து சேரும், குறைந்தவை பின்னால் வரும்.

கேரளத்திலும் கன்னியாகுமரிப் பக்கத்திலும் காற்றே இல்லாத வெயில் நாளில் கடல் திடீரென்று ஊருக்குள் ஏறுமே, கள்ளக்கடல் என்பார்களே, அதுவும் இதே தெற்கத்திக் குடும்பம்தான். கடல் நிலையை முன்னறிவிக்கும் மத்திய அரசின் இன்காய்ஸ் நிறுவனம் கள்ளக்கடல் எச்சரிக்கை விடும் நாட்களில் நான் மாலத்தீவு முன்னறிவிப்பையும் திறந்து பார்ப்பேன். பெரும்பாலும் அங்கேயும் இடைவெளி எகிறியிருக்கும். நம் கரையில் மீன்பிடிப் படகை இழுத்துப் போகும் அலையும் துலுஸ்தூவில் குழல் போலச் சுருண்டு பேரல் போடும் அலையும் ஒரே இடத்தில் பிறந்தவை என்று எனக்கு முதலில் புரிந்தபோது கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

சரி, கோக்ஸுக்கு வருகிறேன். துலுஸ்தூ வடக்கு மாலே பவளத்தீவுக் கூட்டத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. மாலேயிலிருந்து ஸ்பீட் போட்டில் அரை மணி நேரம். தீவில் கோககோலா ஆலை இருப்பதால் அலைக்கு அந்தப் பெயர். கடல் நீரை நன்னீராக்கி அதில் கோலா தயாரிக்கும் ஆலை அது. கோக்ஸ் வலது பக்கம் உடையும் அலை. கால்வாய்க்கு அந்தப் புறம் சிக்கன்ஸ், இடது பக்கம் உடையும் நீளமான அலை. பழைய கோழிப்பண்ணையால் வந்த பெயர். 2024 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் போட்டி துலுஸ்தூவில்தான் நடந்தது, இந்திய அணியில் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் போனார்கள். அதனால் நம் ஊர்ச் சர்ஃபர்களிடம் இந்த அலையைப் பற்றிக் கேட்டால் சொல்ல ஆள் இருக்கிறது. போவதற்கு முன் கேளுங்கள்.

ஜூலையில் அங்கே தென்மேற்குப் பருவம். காற்று மேற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ வரும். நம் தென்மாவட்ட மீனவர்கள் கச்சான் என்பார்களே, அந்தக் காற்று. கிழக்கு ஓரத்துப் பார்களுக்கு இது தீவின் மேலாக வந்து அலையின் முகத்தைத் தடவி நிமிர்த்தும் காற்று. அதனால் மழை மேகம் கறுத்து நிற்கிற நாளிலும் கோக்ஸ் கண்ணாடி மாதிரி இருக்கலாம். திசையிலும் உங்களுக்கு யோகம்தான். தெற்கு, தென்கிழக்கு ஸ்வெல் அங்கே நேராக வந்து சேரும். அதுவே தென்மேற்கு என்று காட்டினால், தெற்கே வரிசையாகக் கிடக்கும் தீவுக்கூட்டங்கள் ஒரு பங்கை மறித்துவிடும், காட்டுவதை விடச் சிறிதாகத்தான் வரும். உங்கள் நாளில் அப்படி மறிக்க எதுவும் இல்லை. நான் யோசிக்கச் சொல்வதும் அதனால்தான்.

இன்னொன்று. 1.8 மீட்டர் என்பது எல்லா அலைகளின் உயரமும் அல்ல. வரும் அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரி அது. 15 வினாடிக்கு ஒன்று என்றால் மூன்று மணி நேரத்தில் 720 அலைகள். அதில் ஒன்றிரண்டு ஆழ்கடலிலேயே 3 மீட்டரைத் தொடும், பாரில் ஏறும்போது இன்னும் உயரும். அந்த ஒன்றிரண்டு வரும்போது நீங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதுதான் கோக்ஸில் முழு விஷயமும்.

முதல் பயணத்தின் இரண்டாவது காலை நான் தவறான இடத்தில் உட்கார்ந்திருந்தேன். கால்வாய் ஓரமாகத் துடுப்பிட்டுப் போனபோது எல்லாம் அமைதி. பத்து நிமிடம் ஒன்றுமே வரவில்லை. சிறிய அலைகளைப் பிடிக்கலாம் என்று உள்ளே நகர்ந்தேன். அப்புறம் தொடுவானம் கறுத்தது. உள்ளூர்ப் பையன்கள் ஒரு வார்த்தை பேசாமல் வெளியே துடுப்பிட ஆரம்பித்தார்கள். எனக்கு முன்னால் தண்ணீர் அலையை நோக்கிப் பின்வாங்கியது. பாரின் பழுப்பு நிறம் தெரிந்தது, அதற்கு மேல் கொதிக்கிற மாதிரி சின்னச் சின்னச் சுழல்கள், ஒரு நீல மீன் ஒரு பிளவுக்குள் நுழைவதுகூடத் தெரிந்தது. என் முழங்கால் அளவுதான் தண்ணீர் இருந்திருக்கும். தலைகீழாக முங்கக் கூடாது என்பது மட்டும் நினைவில் இருந்தது. பலகையை விட்டுவிட்டு, உடம்பைப் பாய் விரிக்கிற மாதிரி மேலாகப் பரப்பிக்கொண்டு அலையை வாங்கினேன்.

முதல் அலை என்னை உருட்டி விட்டபோது பத்துப் பன்னிரண்டு வினாடி உள்ளே இருந்திருப்பேன். மேலே வந்து ஒரு மூச்சு இழுத்தேன். அடுத்த அலை தயாராக நின்றது. 15 வினாடி என்ற எண்ணை நான் உடம்பால் புரிந்துகொண்டது அங்கேதான். ஒரு அலை பன்னிரண்டு வினாடி அமுக்கி வைத்தால் அடுத்ததற்கு முன்னால் உங்களுக்குக் கிடைப்பது மூன்று வினாடி. அப்படி ஐந்து வந்தன. இடது தோளிலிருந்து இடுப்பு வரை கோடு கோடாகக் கிழிந்திருந்தது. அன்று இரவு தங்கும் விடுதியின் சமையலறை விளக்குக்குக் கீழே குப்புறப் படுத்திருந்தேன், உடன் வந்த நண்பன் ஒரு மணி நேரம் இடுக்கியால் பவளத் துணுக்கை எடுத்தான். எலுமிச்சம்பழம் தேய்த்தால் போதும் என்று அங்கே பலரும் சொல்வார்கள். எரிச்சல்தான் மிஞ்சும். நல்ல தண்ணீரும் சோப்பும் வைத்துத் தேய்த்துக் கழுவி, உள்ளே ஒரு துணுக்குகூட இல்லாமல் எடுத்து, கிருமிநாசினி போடுங்கள். சிவந்து வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ மாலேக்குப் படகேறிவிடுங்கள். தாமதிக்க வேண்டாம்.

கடலின் ஏற்ற இறக்கம் அங்கே ஒரு மீட்டருக்குள்தான். அதனால் பலர் ஓத அட்டவணையைப் பார்ப்பதே இல்லை. எனக்கு அது பிடிக்காது. பாரின் மேல் இடுப்பளவு தண்ணீர் இருக்கும் இடத்தில் 40 சென்டிமீட்டர் குறைந்தால் மீதி எவ்வளவு? கோக்ஸின் உள்பகுதியில் அந்தக் குறைவு நேராகத் தெரியும். ஏற்றம் முக்கால்வாசி ஆன பிறகு இறங்கி, வற்றம் பாதி ஆவதற்குள் ஏறிவிடுங்கள். வெளிப்பகுதியில் எடுத்த அலையை உள்பகுதி வரை ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்ற ஆசையை முதல் இரண்டு நாள் விட்டுவிடுங்கள். அலையின் தோளில், அதாவது இன்னும் உடையாத ஓரத்தில், ஏறிப் பின்பக்கம் இறங்கிவிட வேண்டும்.

கால்வாயை அங்கே திவேஹி மொழியில் கண்டு என்பார்கள். நீரோட்டம் முழுக்க அதன் வழியாகத்தான் போகும். தென்மேற்குப் பருவத்தில் ஓட்டம் பெரும்பாலும் கிழக்கே, அதாவது வெளிக்கடலை நோக்கி. நம் மீனவர்கள் நீவாடு, அதாவது நீரோட்டம், பார்க்கிற மாதிரி அங்கேயும் பார்க்க வேண்டும். கரையில் ஒரு மரத்தையும் அதற்குப் பின்னால் ஒரு கம்பத்தையும் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே கோட்டில் இருக்கும்வரை நீங்கள் இடத்தில் இருக்கிறீர்கள். விலகினால் ஓட்டம் உங்களை நகர்த்திவிட்டது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

அங்கே ஒரு படகுக்காரப் பெரியவர் எனக்கு அவர்களுடைய நாள்காட்டியைச் சொன்னார். வருடத்தை 27 பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பதின்மூன்று பதினான்கு நாள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கடல் குணம். பெயர்களைக் கேட்டதும் எனக்குச் சிலிர்த்தது. அஸ்ஸித, கெத்தி, ரோனு. அசுவினி, கார்த்திகை, ரோகிணி! நம் நட்சத்திரங்கள்தான். செயலியில் பார்ப்பது இருக்கட்டும், அப்படிப்பட்ட ஒருவரிடமும் காலையில் கேட்டுவிட்டுப் போங்கள்.

கொண்டு போக வேண்டியவற்றில் இரண்டு மட்டும் சொல்கிறேன். கோவளத்தில் ஓட்டும் குட்டைப் பலகை மட்டும் போதாது, ஆறடி நான்கு அங்குலம் அளவில் ஒன்று வேண்டும். அலைக்குள் முன்கூட்டியே நுழைய அதுதான் உதவும். பலகையைக் காலோடு கட்டும் லீஷ் கயிறு புதிதாக இருக்கட்டும், பாரில் சிக்கினால் ஒரே இழுப்பில் கழற்றப் பழகிவிட்டுப் போங்கள். ஹெல்மெட் போட்டால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். நான் இப்போது போடுகிறேன். அப்புறம், உள்ளூர் ஆட்களுக்கு வழி விடுங்கள். அவர்கள் வீட்டு வாசல் அது. பவளத்தின் மேல் காலை ஊன்றாதீர்கள், அது உயிர்.

மாலத்தீவில் சர்ஃபிங்கைத் தொடங்கி வைத்த ஆஸ்திரேலியர் டோனி ஹுசைன் ஹிண்டே 1973-இல் கப்பல் உடைந்து இந்தத் தீவுக்கூட்டத்தில் கரையேறியவர். அங்கேயே தங்கி, 2008-இல் தனக்குப் பிடித்த பாஸ்டா பாயின்ட் என்ற அலையில் சர்ஃப் செய்யும்போதே இறந்தார். முப்பத்தைந்து வருடம் இந்தப் பார்களோடு பழகியவர். நமக்கு இருப்பதோ பத்து நாள் விடுமுறை.

ஆகவே உங்கள் பயணத்தை நான் இப்படிப் போடுவேன். போய்ச் சேர்ந்த அன்று 15 வினாடி உச்சத்தில் இருக்கும். அன்று கோக்ஸுக்கு எதிரே கரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பாருங்கள். ஒரு செட்டில், அதாவது கூட்டமாக வரும் பெரிய அலைகளில், எத்தனை அலை, செட்டுக்கும் செட்டுக்கும் எத்தனை நிமிடம், பெரியது எங்கே உடைகிறது, துடுப்பிட்டுப் போகிறவர்கள் எந்த வழியாகப் போகிறார்கள் என்று கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை படகில் சிக்கன்ஸ் போங்கள். அதுவும் பார்தான், அதுவும் கிழிக்கும், ஆனால் தப்பு செய்ய இடம் கொஞ்சம் அதிகம் தரும். உயரமான இடத்திலிருந்து தாமதமாக எழுந்து நிற்க முடிகிறதா, விழும்போது தட்டையாக விழ முடிகிறதா, ஒரு செட் முழுவதையும் வாங்கிய பிறகும் கை துடுப்பிடுகிறதா என்பது அங்கே தெரிந்துவிடும். மூன்றில் ஒன்று இல்லை என்றாலும் இன்னொரு நாள் அங்கேயே இருங்கள்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ இடைவெளி 15-லிருந்து 12-க்கு இறங்கும், உயரம் 1.3 பக்கம் வரும். அன்று காலை ஓதம் ஏறிக்கொண்டிருக்கும்போது, கால்வாய் வழியாகக் கோக்ஸுக்குத் துடுப்பிடுங்கள்.