புரை நீங்கிய கண்ணில் பிறை நிழல்

கேள்வி: எனக்கு வயது 67. பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மூன்று வாரங்களுக்கு முன் வலக்கண்ணில் காடராக்ட் ஆபரேஷன் செய்துகொண்டேன். எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை படிக்க முடிகிறது. ஆனால் வலது ஓரத்தில் கறுப்பாக ஒரு பிறை நிழல் நிற்கிறது. யாரோ பக்கத்தில் வந்து நிற்பதாக எண்ணித் திரும்பிப் பார்த்து ஏமாறுகிறேன். இருட்டிய பின் எதிரே வண்டி வந்தால் விளக்கொளி கோடு கோடாகச் சிதறுகிறது. மருத்துவமனையில் ‘எல்லாம் நன்றாக இருக்கிறது’ என்கிறார்கள். வீட்டில் மனப்பிரமை என்கிறார்கள். அடுத்த மாதம் இடக்கண்ணுக்கு நாள் குறித்திருக்கிறது. செய்துகொள்ளலாமா?
– ஒரு வாசகி, மேற்கு மாம்பலம், சென்னை

பதில்: அம்மா, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பது மனப்பிரமை அன்று. இதற்கு மருத்துவத்தில் டிஸ்ஃபோடாப்சியா என்று பெயரே உண்டு. ஓரத்து நிழல், ஒளிக்கோடுகள் ஆகிய இரண்டையும் 2000ஆம் ஆண்டிலேயே மருத்துவ இதழில் பிரித்து விவரித்திருக்கிறார்கள். எழுத்துப் பலகை பார்வையின் நடுப்பகுதியை மட்டுமே அளக்கும். உங்கள் குறை ஓரத்தில் இருப்பதால், கடைசி வரியைப் படித்துவிட்டீர்கள் என்பது அதற்குப் பதிலாகாது. நோயாளி சொல்வதைப் பலகை சொல்வதைக் கொண்டு மறுக்கும் வழக்கம் எங்கள் துறையில் இன்னும் இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

நிழல் எப்படி வருகிறது என்று பார்ப்போம். பிறவியில் வந்த விழிலென்ஸ் ஏறக்குறைய 9 முதல் 10 மி.மீ. அகலமும் 4 மி.மீ.க்கு மேல் தடிமனும் உடையது. புரை படிந்த அதை எடுத்துவிட்டு, அதை மூடியிருந்த மெல்லிய பையிலேயே பொருத்தப்படும் செயற்கை லென்ஸின் ஒளி செல்லும் பகுதி பெரும்பாலும் 6 மி.மீ. அகலந்தான், தடிமனோ மிகக் குறைவு. ஆகவே கருவிழித் திரைக்கும் புதிய லென்ஸுக்கும் நடுவே முன்பில்லாத ஓர் இடைவெளி உண்டாகிறது. காதுப் பக்கத்திலிருந்து மிகச் சாய்வாக வரும் ஒளியில் ஒரு பங்கு லென்ஸின் வழியாக வளைந்து விழித்திரையின் பின்னிடத்தில் விழ, இன்னொரு பங்கு லென்ஸைத் தொடாமல் இடைவெளி வழியாகப் போய் முன்னிடத்தில் விழுகிறது. இரண்டுக்கும் இடையே ஒளியே எட்டாமல் விடுபடும் பட்டையைத்தான் நீங்கள் பிறையாகக் காண்கிறீர்கள். பகல் வெளிச்சத்தில் கண்பாவை சுருங்கும்போது நிழல் அழுத்தமாகத் தெரிவதும் இயல்பே.

இரவில் வரும் ஒளிக்கோடுகள் வேறு வகை. இருட்டில் கண்பாவை விரியும்போது, முகப்பு விளக்கின் ஒளி லென்ஸின் விளிம்பில் பட்டுத் தெறிக்கிறது. இக்கால லென்ஸ்களின் விளிம்பைச் சதுரமாக வெட்டியிருப்பதற்குக் காரணம் உண்டு: பையில் மிஞ்சிய செல்கள் லென்ஸின் பின்னால் ஊர்ந்து சென்று பார்வையை மீண்டும் மங்கச் செய்வதை அந்த விளிம்பு தடுக்கிறது. அந்த நன்மைக்கு நாம் கொடுக்கும் விலையில் இந்தக் கோடுகளும் ஒரு பகுதி. கண் உலர்ந்திருந்தாலும் ஒளி சிதறும். அதையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். இடக்கண்ணை மூடிக்கொண்டு, பகலில் சன்னலைப் பார்த்து உட்கார்ந்து, குதிரைக்குக் கண்பட்டை கட்டியதுபோல வலது உள்ளங்கையை வலக்கண்ணின் வெளிப்புறத்தில் நிறுத்துங்கள். பக்கவாட்டு ஒளி மறைந்தவுடன் நிழல் குறைந்தால், லென்ஸினால் வருவது என்று பெரும்பாலும் கொள்ளலாம். இதனால்தான் பக்கம் அகன்ற தடித்த சட்டமுள்ள கண்ணாடி இதற்கு நல்ல துணை. பிறகு இரவில் விளக்கை அணைத்துக் கண்களை மூடிக்கொள்ளுங்கள். வெளியொளி இல்லாதபோது லென்ஸ் கோடுகள் வரமாட்டா. இருட்டிலும் மின்னல் வெட்டினாலோ, திடீரென்று கரும்புள்ளிகள் கொட்டினாலோ, நிழல் நடுவை நோக்கித் திரைபோல நகர்ந்தாலோ விழித்திரை விலகுகிறது என்று ஐயப்பட வேண்டும். வலி, சிவப்பு, பார்வை மங்கல் ஆகியவை சேர்ந்து வந்தால் தொற்று என்று ஐயப்பட வேண்டும். இரண்டிலும் அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள். மறுநாள் என்று வைக்கக் கூடாது. இவை இல்லாவிட்டாலும், கண்பாவையை விரித்து விழித்திரையின் ஓரம் வரை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இனி, இது போகுமா என்பது. 2008இல் வெளியான ஓர் ஆய்வில், அறுவைக்கு மறுநாள் 100 பேரில் 15 பேர் அளவுக்கு ஓரத்து நிழலைச் சொன்னார்கள். ஓர் ஆண்டு சென்றபின் அது 3 பேராகக் குறைந்தது. மூளை அந்த நிழலைப் பொருட்படுத்தாமல் விடப் பழகிக்கொள்கிறது. மூன்று வாரம் மிகக் குறைந்த காலம். சில மாதங்கள் பொறுத்துப் பார்க்கலாம். அதன் பிறகும் தொல்லை தந்தால் லென்ஸைப் பையின் வாய்க்கு முன்னே நகர்த்தி அமர்த்துவது, மாற்றிப் பொருத்துவது போன்ற வழிகள் உள்ளன.

இங்கே ஓர் எச்சரிக்கை. நிழலைப் போக்குவதற்காக யாக் லேசர் (லென்ஸ் இருக்கும் பையின் பின்சுவரில் ஒளிக்கதிரால் துளையிடும் சிகிச்சை) செய்துகொள்ள அவசரப்படாதீர்கள். பை மங்கியிருந்தால் அது அருமையான சிகிச்சை. ஆனால் லென்ஸின் ஓரத்தால் வரும் பிறை நிழலுக்கு அதை முதல் மருந்தாக நாட வேண்டாம். பையின் பின்சுவரில் துளை விழுந்துவிட்டால், பின்னாளில் லென்ஸை மாற்றுவது கடினமாகிவிடும்.

இடக்கண்ணுக்கு வருவோம். மருத்துவர் புரை முற்றிவிட்டது என்று சொல்லாதவரை, ஓரிரு மாதம் தள்ளிவைப்பதால் பொதுவாகக் கேடில்லை. நானாக இருந்தால் வலக்கண் அமைதியாகும் வரை பொறுப்பேன். இரு கண்களின் பவர் வேறுபாட்டால் தலைசுற்றல் இருந்தால் மட்டும் அதையும் எடுத்துச் சொல்லுங்கள். தேதி எப்போதாயினும், அதே லென்ஸைத்தான் வைக்கப்போகிறார்களா, விளிம்போ பொருளோ வேறான ஒன்று பொருந்துமா என்று முன்கூட்டியே கேளுங்கள். அங்கே விடை கிடைக்காவிட்டால், 1819இலிருந்து இயங்கிவரும் எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் இன்னொரு கருத்துக் கேட்கலாம்.

போகும்போது ஒரு தாளில் கடிகார முகம்போல வட்டம் வரைந்து, வலக்கண்ணில் நிழல் எந்த மணியிலிருந்து எந்த மணி வரை தெரிகிறது என்று தீட்டி, தேதி போட்டு எடுத்துச் செல்லுங்கள். வாரம் ஒரு படம் வரைந்து வைத்தால், பிறை தேய்கிறதா வளர்கிறதா என்பது உங்களுக்கும் மருத்துவருக்கும் ஒருசேரத் தெரியும்.