நெடும்பயண பைக்குக்கு மாற்று டயர்: கேள்வி பதில்

மழைக்காலத்துக்கு முன் டயரை மாற்றிவிட நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பொதுவாக இருந்தவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பெரும்பாலானோர் "எந்த கம்பெனி டயர் நல்லது?" என்றுதான் தொடங்கியிருந்தீர்கள். வண்டி எவ்வளவு எடை சுமக்கிறது, எந்தச் சாலையில் அதிகம் ஓடுகிறது, டயரின் பக்கவாட்டில் என்ன அச்சிடப்பட்டிருக்கிறது ஆகிய மூன்றையும் பார்த்த பிறகு கம்பெனியின் பெயருக்கு வரலாம் என்பது என் எண்ணம்.

ஓசூர் வாசகர்: ஐயா, மீட்டியர் 350 வைத்திருக்கிறேன். வாரந்தோறும் சென்னைக்குப் போய்வருகிறேன். பின் டயர் நடுவில் தட்டையாகத் தேய்ந்திருக்கிறது. ஓரத்துப் பட்டன்கள் (டயரின் மேற்பரப்பில் உள்ள ரப்பர் கட்டங்கள்) புதிது போலவே இருக்கின்றன. இன்னும் ஓட்டலாமா?

மாற்றிவிடுங்கள். நான்கு வழிச் சாலையில் நேராகவே ஓடும் வண்டிகளுக்கெல்லாம் இப்படித்தான் தேயும். வண்டி சாயும்போதும் ரப்பர் சீராகத் தரையில் படியவேண்டும் என்பதற்காகவே பைக் டயரை உருண்டையாகச் செய்கிறார்கள். நடுப்பகுதி மட்டும் தேய்ந்துபோனால், தட்டையான இடம் முடிந்து ஓரத்து வளைவு தொடங்கும் இடத்தில் ஒரு முனை உருவாகிவிடும். டயரின் குறுக்கே உள்ளங்கையை வைத்து மெல்லத் தடவினால் அந்த முனை கையில் தட்டுப்படும். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளில், இந்த டயர் முதலில் சாய மறுக்கும். முனையைத் தாண்டியதும் சட்டென்று விழும். அந்த நொடியில்தான் பலர் பயந்து பிரேக்கை அழுத்திவிடுகிறார்கள்.

இரு சக்கர வாகனத்துக்குச் சட்டப்படி பட்டன் ஆழம் குறைந்தது 0.8 மி.மீ. இருந்தால் போதும். மழையில் தண்ணீரை ஒதுக்கித் தள்ள அந்த ஆழம் போதாது என்பது என் அனுபவம். நெடுஞ்சாலை வேகத்தில் போகிறவர்கள் 2 மி.மீ. அளவிலேயே மாற்றிவிடுவது நல்லது. அடுத்த டயரை வாங்கும்போது, நடுவில் கடினமான ரப்பரும் ஓரங்களில் மென்மையான ரப்பரும் கொண்ட இரட்டை ரப்பர் டயர் உங்கள் அளவில் கிடைக்கிறதா என்று கேளுங்கள். உங்களைப் போல் வாரந்தோறும் நேர்ச்சாலையில் ஓடுகிறவர்களுக்கு அது கொடுத்த காசுக்கு உழைக்கும்.

கரூர் வாசகர்: புதிய கிளாசிக் 350-க்குப் பின்னால் 120/80-18 டயர் வருகிறது. 140/70-18 போட்டால் பிடிப்பு கூடும் என்கிறார் கடைக்காரர். போடலாமா, அண்ணா?

வேண்டாம், தம்பி. இந்த அளவில் முதல் எண் டயரின் அகலம் (மி.மீ.), இரண்டாவது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் டயரின் உயரம் என்பது, கடைசி எண் ரிம்மின் விட்டம் (அங்குலம்). கணக்குப் போட்டுப் பார்த்தால் உயரத்தில் பெரிய வித்தியாசம் வராது. 120-இல் 80 சதவீதம் 96 மி.மீ.; 140-இல் 70 சதவீதம் 98 மி.மீ. கடைக்காரர் இதைக் காட்டித்தான் "அப்படியே உட்கார்ந்துவிடும்" என்று சொல்லியிருப்பார். அகலத்தில்தான் சிக்கல் வருகிறது. 120 டயருக்காகச் செய்யப்பட்ட ரிம்மில் 140 டயரை மாட்டினால், டயரின் இரு விளிம்புகளும் உள்நோக்கி இறுக்கப்பட்டு, நடுப்பகுதி மேலே புடைத்துக்கொள்ளும். அகலமான டயரை வாங்கிய பிறகும் தரையில் படும் ரப்பர் நீங்கள் எதிர்பார்த்த அளவுக்குக் கூடாது; நடுப்பகுதி சீக்கிரம் தேயும்; வண்டியைத் திருப்புவதற்கும் கூடுதல் பலம் தேவைப்படும். சங்கிலிக்கும் டயருக்கும் நடுவிலுள்ள இடைவெளியும் குறைந்துபோகும். பள்ளத்தில் இறங்கும்போது அது எவ்வளவு மிஞ்சும் என்பதைக் கடையில் நின்றபடி கண்டுபிடிக்க முடியாது. கையேட்டில் உள்ள அளவையே வாங்குங்கள். அதே அளவில் நல்ல ரப்பர் போட்டாலே பிடிப்பு கூடும்.

கோயம்புத்தூர் வாசகர்: அளவுக்குப் பின்னால் 64எஸ், 63எச் என்றெல்லாம் எழுதியிருக்கிறதே, அதைப் பார்த்து வாங்கவேண்டுமா?

கட்டாயம் பார்க்கவேண்டும். கடையில் யாரும் கேட்காத கேள்வி இது, ஆனால் சுமையோடு ஊர் சுற்றுகிறவர்கள் முதலில் கேட்கவேண்டியதும் இதுதான். எண் அந்த டயர் தாங்கும் எடையைக் குறிக்கும். எழுத்து வேகத்தைக் குறிக்கும். 57 என்றால் 230 கிலோ, 63 என்றால் 272 கிலோ, 64 என்றால் 280 கிலோ. பி என்றால் மணிக்கு 150 கி.மீ., எஸ் என்றால் 180, எச் என்றால் 210.

ஒரு கணக்கு சொல்கிறேன். பழைய ஹிமாலயன் 411 வண்டியின் எடை 199 கிலோ. ஓட்டுபவரும் பின்னால் அமர்பவரும் சேர்ந்து 145 கிலோ, பெட்டிகளில் 30 கிலோ என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 374 கிலோ ஆகிறது. பின்னால் ஆளும் பெட்டியும் இருக்கும்போது மொத்த எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பின் சக்கரத்தின் மேல் விழும் என்று கொண்டால், அது 250 கிலோவுக்கு அருகில் வந்துவிடும். 64 எண் உள்ள டயர் இதைச் சிரமமின்றித் தாங்கும். விலை குறைவு என்று 57 எண் டயரை வாங்கி மாட்டினால், கிளம்பும்போதே அதன் அளவைத் தாண்டிவிடுகிறீர்கள். அதிக எடையில் ஓடும் டயர் உள்ளுக்குள் சூடாகும். அந்தச் சூடு நூல் அடுக்குகளையும் ரப்பரையும் பிரித்துவிடும். கம்பெனி பொருத்திய டயரில் உள்ள எண்ணுக்கும் எழுத்துக்கும் கீழே ஒருபோதும் இறங்காதீர்கள்.

திருநெல்வேலி வாசகர்: ஸ்போக்ஸ் சக்கரம் உள்ள வண்டி என்னுடையது. கடையில் டியூப்லெஸ் டயர்தான் இருக்கிறது. அதற்குள் டியூப் போட்டு ஓட்டலாமா? ஸ்போக்ஸ் துளைகளை அடைத்து டியூப்லெஸ் ஆக்கித் தருகிறோம் என்றும் சொல்கிறார்கள்.

டியூப்லெஸ் டயருக்குள் சரியான அளவு டியூபைப் போட்டு ஓட்டலாம். பலரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். டயரை மாற்றும்போது டியூபையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். பழைய டயருக்குள் விரிந்து நீண்டுபோன டியூப் புதிய டயருக்குள் மடிப்பு விழுந்து உட்காரும். அந்த மடிப்பு உரசி உரசி ஒரு நாள் கிழியும்.

துளைகளை அடைப்பதைப் பொறுத்தவரை எனக்குத் தயக்கம் இருக்கிறது. டியூப்லெஸ் ரிம்மின் உட்புறத்தில், டயரின் விளிம்பு உட்காரும் இடத்தை ஒட்டி ஒரு சிறிய மேடு இருக்கும். காற்று இறங்கிய பிறகும் விளிம்பு நழுவி உள்ளே விழாமல் தடுப்பது அந்த மேடுதான். டியூப் போடுவதற்காகச் செய்த ரிம்கள் பலவற்றில் அது இருப்பதில்லை. துளையைப் பசையால் அடைத்துவிடலாம்; மேட்டை உண்டாக்க முடியாது. முன்னுக்கும் பின்னுக்கும் ஒவ்வொரு டியூப், டயர் கழற்றும் இரும்புக் கம்பிகள், ஒரு சிறிய பம்ப் ஆகியவற்றைப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வாசலில் ஒரு முறை நீங்களே கழற்றி மாட்டிப் பழகிவிட்டால் வழியில் பயம் இருக்காது.

மதுரை வாசகர்: மூன்று ஆண்டு பழைய டயரைப் பாதி விலைக்குத் தருகிறார்கள். ஒரு கிலோமீட்டர்கூட ஓடாதது. வாங்கலாமா?

எனக்கு நேர்ந்ததைச் சொல்லிவிடுகிறேன். என் பழைய வண்டியின் பின் டயருக்கு ஆறு வயதைத் தாண்டியிருந்தது. வண்டியை அதிகம் எடுக்காததால் பட்டன் ஆழமாகவே இருந்தது. அதனால் நான் கவலைப்படவில்லை. வால்பாறையிலிருந்து ஆழியாறு நோக்கி இறங்கும்போது தூறல் விழத் தொடங்கியது. மெதுவாகத்தான் வந்தேன், பிரேக்கையும் தொடவில்லை. இருந்தும் ஒரு வளைவில் பின் சக்கரம் பக்கவாட்டில் நழுவி, வண்டியும் நானும் சாலையோரக் கல்லருகே போய் நின்றோம். எதிரில் பேருந்து வரவில்லை என்பதால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பிறகு உட்கார்ந்து பார்த்தபோது பட்டன்களின் அடிப்பகுதியில் தலைமுடி போன்ற வெடிப்புகள் தெரிந்தன. நகத்தை அழுத்தினால் நல்ல ரப்பரில் தடம் விழுந்து மெல்ல மறையும். அந்த டயரில் தடமே விழவில்லை.

பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2323 என்றிருந்தால் 2023-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். வெயில் படாத அறையில் ஓராண்டு கிடந்த டயரால் பாதகமில்லை. மூன்று ஆண்டு என்றால் நான் வாங்கமாட்டேன். உங்கள் ஓட்டம் ஆண்டுக்கு 3,000 கிலோமீட்டர்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். பட்டன் தேய்வதற்கு முன்பே ரப்பர் கிழடாகிவிடும்.

ஈரோடு வாசகர்: டாமினார் 400-க்கு முன்னால் ரேடியல் இருக்கட்டும், பின்னால் மட்டும் சாதாரண நைலான் டயர் போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. அந்த வண்டி முன்னால் 110/70, பின்னால் 150/60 என இரண்டும் 17 அங்குல ரேடியலாக வந்தது. ரேடியலில் உள்ளிருக்கும் நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடும்; சாதாரண நைலான் டயரில் அவை சாய்வாக ஒன்றையொன்று குறுக்கிடும். அதனால் இரு வகை டயர்களும் சாயும்போது வளைந்துகொடுக்கும் விதம் வேறு. முன்னால் ரேடியலும் பின்னால் நைலானும் இருந்தால் வேகத்தில் வண்டி ஆடும்.

சென்னை வாசகர்: என் வண்டியில் வந்த வெளிநாட்டு டயர் எங்கு கேட்டாலும் இல்லை என்கிறார்கள். ஏன்? இங்குள்ள டயரை நம்பலாமா?

2020 ஜூனில் இந்திய அரசு புதிய டயர்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தி, உரிமம் பெற்றே கொண்டுவரவேண்டும் என்று ஆக்கியது. அதிலிருந்து சில அளவுகள் கிடைப்பது அரிதாகிவிட்டது. யாராவது இரகசியமாகத் தருவதாகச் சொன்னால், பக்கவாட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இந்தியாவில் விற்கப்படும் டயருக்கு அது கட்டாயம். உள்ளூர் டயரைத் தாராளமாக நம்பலாம். எம்.ஆர்.எஃப். சென்னையில் தலைமையகம் கொண்டது, டி.வி.எஸ். யூரோகிரிப் டயர்கள் மதுரையில் செய்யப்படுகின்றன. சியட், அப்பல்லோ ஆகியவையும் நெடும்பயண வண்டிகளுக்கு டயர் தருகின்றன. உங்கள் அளவும், எடை எண்ணும், வேக எழுத்தும் ஒத்துவந்தால், இவற்றில் புதிய தேதி உள்ளதை நான் எடுப்பேன்.

திருச்சி வாசகர்: ஆகஸ்டில் லடாக்கில் உள்ள லே வரை போகிறேன். பெரிய பட்டன் உள்ள மண்சாலை டயர் போடட்டுமா? அங்கே காற்றைக் குறைக்கவேண்டும் என்கிறார்களே?

திருச்சியிலிருந்து லே வரை போகும் வழியில் மிகப்பெரும் பகுதி தார்ச்சாலை. பெரிய பட்டன் டயர் அந்தத் தூரத்தில் இரைச்சலோடு தேய்ந்து, மண்சாலை தொடங்கும் இடத்துக்கு வரும்போது பாதியாகியிருக்கும். ஈரமான தாரில் பிடிப்பும் குறைவு. தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான நடுத்தரப் பட்டன் டயரே போதும்.

காற்றைப் பற்றி: லே ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், காற்றழுத்தம் அளக்கும் மானியில் சுமார் 5 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டவேண்டும். ஆனால் நம் ஊர் வெயிலில் நிரப்பிய காற்று அங்குள்ள அதிகாலைக் குளிரில் சுருங்குவதால் அந்தக் கூடுதலில் பெரும்பங்கு கழிந்துவிடும். எனவே கேள்விப்பட்டதை வைத்து இறக்காதீர்கள். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் உங்கள் சொந்த மானியால் அளந்து, கையேட்டில் உள்ள அளவுக்குச் சரிசெய்யுங்கள். டயரின் பக்கவாட்டில் இருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அழுத்தம். அதைப் பார்த்து நிரப்பக்கூடாது.

புதிய டயரைக் கிளம்பும் முதல் நாள் மாட்டாதீர்கள். அச்சிலிருந்து வந்த வழுவழுப்புப் போகும்வரை முதல் 150 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, ஒவ்வொரு நாளும் சிறிது கூடுதலாகச் சாய்த்துப் பழக்கவேண்டும். மாட்டும்போது பக்கவாட்டில் உள்ள அம்புக்குறி சக்கரம் சுழலும் திசையை நோக்கியிருக்கிறதா, மஞ்சள் புள்ளி இருந்தால் அது வால்வுக்கு நேராக இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு பின் சக்கர அச்சின் நட்டையும் சங்கிலியின் தளர்வையும் இன்னொரு முறை சோதித்துவிட்டுப் புறப்படுங்கள்.