லானுக்கு மருந்து அடித்தால் பக்கத்து வீட்டுக்கு என்ன சொல்வது? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பனி உருகி லான் பச்சை பிடிக்கத் தொடங்கியதுமே இந்தக் கேள்விகள் வர ஆரம்பித்துவிடுகின்றன. நியூ ஜெர்சியில் உரிமம் எடுத்துப் பல வருடமாகப் புல்தரைகளுக்கு மருந்து அடிப்பதுதான் என் தொழில். களைக்கொல்லியை விற்றுப் பிழைப்பவன் அதற்குத்தான் வக்காலத்து வாங்குவான் என்று சிலர் நினைக்கலாம். மருந்து கையில் இருப்பதால்தான் பக்கத்து வீட்டுக்காரரின் பயத்தை நான் தட்டிக்கழிப்பதில்லை. நீங்கள் அனுப்பியதில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (எடிசன், நியூ ஜெர்சி): அண்ணா, லான் கம்பெனி ஆள் வந்து மருந்து அடித்துவிட்டுப் போனார். சாயங்காலம் பக்கத்து வீட்டு அம்மா கைக்குழந்தையோடு வந்து "என்ன அடித்தீர்கள்?" என்று கேட்டார். "பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது" என்றேன். அவர் முகம் இன்னும் கடுகடுத்துவிட்டது. நான் வேறென்ன சொல்லியிருக்க வேண்டும்?

பதில்: ஒன்றும் ஆகாது என்று உத்தரவாதம் கொடுக்க உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது தம்பி. மருந்து தயாரிக்கிற கம்பெனியே களைக்கொல்லி லேபிளில் 'பாதுகாப்பானது', 'நச்சில்லாதது' என்று அச்சிட அமெரிக்க விதிகள் விடுவதில்லை. டப்பாவில் ஈபிஏ (அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை) பதிவு எண் இருக்கிறதென்றால், லேபிளில் சொன்னபடி பயன்படுத்த அனுமதி இருக்கிறது என்று பொருள். அது நற்சான்றிதழ் இல்லை.

அந்த அம்மா கேட்க வந்தது என்ன மருந்து, எப்போது அடித்தது, குழந்தையை எவ்வளவு நேரம் அந்தப் பக்கம் விடக்கூடாது என்பதுதான். இந்த மூன்றில் ஒன்றுக்குக்கூட உங்களிடமிருந்து பதில் வரவில்லை, அதனால்தான் கோபம். கம்பெனி ஆள் கதவில் மாட்டிவிட்டுப் போகும் சீட்டை எடுத்துப் பாருங்கள். அதில் மருந்தின் பெயர் இல்லையென்றால் போன் போட்டுக் கேளுங்கள். பெயரையும் பதிவு எண்ணையும் சொல்லத் தயங்குகிற கம்பெனி என்றால் அடுத்த வருடம் வேறு ஆளைப் பாருங்கள்.

இந்தச் சமயத்தில் அகன்ற இலைக் களைகளுக்கு அடிப்பது பெரும்பாலும் 2,4-டி, மெக்கோப்ராப், டைகாம்பா மூன்றும் சேர்ந்த கலவை. தெளித்தது காயும் வரை ஆட்களும் நாய் பூனைகளும் புல்லில் கால் வைக்கக்கூடாது என்று அதன் லேபிளிலேயே இருக்கும். தவழ்கிற குழந்தை இருக்கிற வீடு என்றால் நான் அதோடு விடுவதில்லை. மறுநாள் வரைக்கும் வேலி ஓரம் விளையாட விடாதீர்கள், வெளியே கிடக்கும் பொம்மைகளைக் கழுவிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வருவேன். லேபிளை அச்செடுத்து, அடித்த தேதியையும் நேரத்தையும் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். அடுத்த முறை ஆள் வருவதற்கு முந்தைய நாளே சொல்லிவிடுகிறேன் என்றும் சொல்லுங்கள். சொன்னபடி செய்யுங்கள்.

கேள்வி (லாங் ஐலண்ட், நியூயார்க்): பக்கத்து வீட்டில் மருந்து அடிக்கப் போகிறார்கள் என்று தபாலில் ஒரு அறிவிப்பு வந்திருக்கிறது. இப்படி எழுதி அனுப்புகிறார்கள் என்றால் அவ்வளவு ஆபத்தான மருந்தா?

பதில்: இல்லைம்மா, அது சட்டப்படி வருகிற அறிவிப்பு. நியூயார்க் மாநிலம் 2000-இல் கொண்டுவந்த சட்டம், எந்தக் கவுண்டி ஏற்றுக்கொள்கிறதோ அங்கே மட்டும் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் பக்கத்து நாசோ, சஃபோக் கவுண்டிகள் இரண்டுமே ஏற்றுக்கொண்டவை. கம்பெனிக்காரர்கள் இப்படி லானுக்குத் தெளிப்பதற்கு 48 மணி நேரம் முன்னதாக, 150 அடிக்குள் இருக்கும் அக்கம்பக்கத்து வீடுகளுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

அன்றைக்குக் கொடியில் துணி காயப்போட வேண்டாம். அந்தப் பக்கத்து ஜன்னல்களைச் சாத்திவிடுங்கள். கீரைப் பாத்தி வேலியை ஒட்டி இருந்தால் பழைய பெட்ஷீட் போட்டு மூடிவிட்டு, அவர்கள் போனதும் எடுத்துவிடுங்கள். இந்தச் சட்டம் எல்லா மாநிலத்திலும் இருந்தால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி வராது.

கேள்வி (ஃபிரிஸ்கோ, டெக்சஸ்): அண்ணா, ஊரிலிருந்து கொண்டுவந்த விதையில் போட்ட நாட்டுத் தக்காளி. ஒரே வாரத்தில் குருத்தெல்லாம் முறுக்கிக்கொண்டது. பின்வீட்டுக்காரர் சனிக்கிழமை களைமருந்து அடித்ததை என் மனைவி பார்த்திருக்கிறார். போய்ச் சண்டை போடலாமா?

பதில்: முதலில் செடியிடம் போங்கள். 2,4-டி வகை மருந்துக்குத் தக்காளியைப் போலச் சட்டென்று காட்டிக்கொடுக்கிற செடி குறைவு. புதிதாக விட்ட இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். அகலம் குறைந்து நாடா மாதிரி நீண்டிருக்கிறதா, நரம்புகள் கிளை பிரியாமல் ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றனவா, இலைக்காம்பு கீழ்நோக்கி வளைந்து தண்டு முறுகியிருக்கிறதா? மூன்றும் இருந்தால் களைமருந்து என்று சந்தேகப்பட நியாயம் உண்டு. அடி இலைகள் மட்டும் மேல்நோக்கிச் சுருண்டு, தடித்து, பச்சையாகவே இருந்தால் அது டெக்சஸ் வெயில் செய்த வேலை. இலை சிறுத்து ஓரம் மஞ்சளடித்து, அடியில் வெள்ளை ஈ இருந்தால் வைரஸ்.

அப்புறம் வேலியோரம் நடந்து பாருங்கள். காற்றில் வந்த மருந்து என்றால் தக்காளியோடு நிற்காது, அந்தப் பக்கத்துக் கத்தரி, அவரை, திராட்சை, களைச்செடி எல்லாவற்றிலும் முறுக்கு தெரியும், வேலியை விட்டு விலக விலகக் குறையும். பாத்தியில் நடுவே ஒரு செடி மட்டும் என்றால் உங்கள் கை வேலையாகவும் இருக்கலாம். மருந்தடித்த லானில் வெட்டிய புல்லைத் தக்காளிக்கு மூடாக்காகப் போட்டீர்களா? களைமருந்து அடித்த பிறகு முதல் சில வெட்டுப் புல்லைப் பாத்திப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. கடையில் வாங்கிய மாட்டெருவிலும் இதே தொல்லை வரும். மேய்ச்சல் நிலத்துக்கு அடித்த அமினோபைராலிட் மாட்டின் வயிற்றைத் தாண்டி எருவிலும் அப்படியே இருக்கும்.

வேலிப் பக்கத்திலிருந்துதான் என்று தெரிந்தால், தேதி விழும்படி போட்டோ எடுத்துக்கொண்டு அவரிடம் போங்கள். "நீங்கள் கெடுத்தீர்கள்" என்று ஆரம்பிக்காமல் "சனிக்கிழமை எது அடித்தீர்கள், பெயர் தெரிந்தால் செடியைக் காப்பாற்றப் பார்ப்பேன்" என்று கேளுங்கள். பெரும்பாலானவர்களுக்கு மருந்து வேலி தாண்டும் என்பதே தெரியாது. எஸ்டர் வகை 2,4-டி காற்று இல்லாத நாளிலும் வெப்பத்தில் ஆவியாகி நகரும். 85 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் அடிக்காதீர்கள் என்று பல லேபிள்களில் போட்டிருப்பதற்கு இது ஒரு காரணம். அமீன் வகையில் ஆவியாவது குறைவு. அடுத்த முறை அதை வாங்கச் சொல்லிப் பாருங்கள். அவர் மசியவில்லை என்றால் டெக்சஸ் வேளாண் துறையில் புகார் கொடுக்கலாம். தள்ளிப்போடாதீர்கள், நாளாக ஆக இலையில் தடயம் மங்கிவிடும்.

லேசாகப் பட்ட செடி மறுபடி நல்ல இலை விடும். மருந்து பட்டபோது செடியில் இருந்த காய்களை நான் சமையலுக்கு எடுக்கமாட்டேன்.

கேள்வி (ஸ்கார்பரோ, கனடா): அண்ணை, என்ர லானில டேன்டிலயன் எண்ட மஞ்சள் பூக் களை பூத்துக் கிடக்குது. பக்கத்து வீட்டுக்காரர், உங்கட விதையெல்லாம் என்ர பக்கம் பறக்குது, மருந்தடியுங்கோ எண்டு நச்சரிக்கிறார். எல்லை தாண்டி அமெரிக்காவில பஃபலோ பக்கம் போனால் உரமும் களைமருந்தும் கலந்த பை வாங்கலாமாம். கொண்டுவரலாமோ?

பதில்: வேண்டாம். ஒன்ராறியோவில் 2009 ஏப்ரல் 22-இலிருந்து அழகுக்காக லானுக்கு 2,4-டி போன்ற களைமருந்து அடிப்பது சட்ட விரோதம். கோல்ஃப் மைதானம், விவசாயம், தொட்டால் அரிக்கும் பாய்சன் ஐவி செடி போன்ற சிலவற்றுக்குத்தான் விலக்கு. எல்லை தாண்டி வாங்கி வந்தாலும் உங்கள் லானில் அது தடைதான்.

இந்தத் தடையே அயலவர்களின் கவலையில் தொடங்கியதுதான். கியூபெக்கில் ஹட்சன் என்ற சிறிய ஊர், மக்களின் வற்புறுத்தலால் 1991-இல் அழகுக்காக மருந்தடிப்பதைத் தடுத்து விதி போட்டது. லான் கம்பெனிகள் வழக்குப் போட்டன. வழக்கு கனடா உச்ச நீதிமன்றம் வரை போய், 2001-இல் ஊருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அதன் பிறகுதான் மற்ற ஊர்களும் மாகாணங்களும் துணிந்து சட்டம் போட்டன.

உங்கள் அயலவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. விதை பறந்துதான் போகும். பூ வெள்ளைப் பஞ்சாக மாறுவதற்கு முன் வெட்டிவிடுகிறேன் என்று அவருக்கு உறுதி கொடுங்கள். மழை பெய்த மறுநாள் மண் இளகியிருக்கும்போது நீண்ட களைக்கத்தியால் கிண்டினால் ஆணிவேர் முழுதாக வரும். அறுந்தால் மறுபடி முளைக்கும். ஒன்ராறியோவில் அனுமதி உள்ள இரும்புச்சத்துக் களைமருந்தும் கடையில் கிடைக்கிறது, ஃபியஸ்டா அந்த வகை. அடித்த சில மணி நேரத்தில் களை இலை கறுத்துப் போகும், புல் நிற்கும். ஆனால் வேர் முழுதாகச் சாகாது, சில வாரம் கழித்துத் திரும்ப அடிக்க வேண்டும். நடைபாதை சீமெந்தில் பட்டால் துருக்கறை பிடிக்கும், உடனே கழுவுங்கள்.

புல்லை மூன்று அங்குலத்துக்குக் குறையாமல் விட்டு, ஆகஸ்ட் கடைசியில் வெற்றிடங்களில் புல் விதை தூவுங்கள். புல் அடர்த்தியாக இருக்கிற இடத்தில் டேன்டிலயன் விதைக்கு மண் கிடைக்காது. எந்த மருந்தையும் விட நான் நம்புவது இதைத்தான்.

கேள்வி (மார்க்கம், கனடா): அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கிறார். கராஜில் ரவுண்டப் களைக்கொல்லிப் போத்தலைப் பார்த்து, இலங்கையில் தடை செய்த மருந்து, புற்றுநோய் வரும் என்று பயப்படுகிறார். உண்மையா?

பதில்: அம்மா சும்மா சொல்லவில்லை. ரவுண்டப்பில் பல காலம் இருந்த கிளைபோசேட்டை இலங்கை 2015-இல் தடை செய்தது. பிறகு தேயிலைக்கும் ரப்பருக்கும் தளர்த்தினார்கள். அதே 2015-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற 2ஏ பிரிவில் கிளைபோசேட்டை வைத்தது. அமெரிக்க ஈபிஏ அப்படி இல்லை என்கிறது. புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, இந்தப் பொருளால் கேடு வர வழி உண்டா என்று பார்க்கிறது. ஈபிஏ, சாதாரணமாகப் படும் அளவில் வருமா என்று பார்க்கிறது. அம்மாவிடம் இரண்டையும் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் வீட்டு உபயோக ரவுண்டப்பில் 2023-இலிருந்து அதைத் தயாரிக்கும் பேயர் கம்பெனி கிளைபோசேட்டை விலக்கி வேறு மருந்துகளைப் போடத் தொடங்கியது. பெயர் அதேதான், உள்ளே இருப்பது வேறு. எல்லையின் எந்தப் பக்கத்தில் வாங்கிய போத்தலாக இருந்தாலும் முன்பக்கத்தை விட்டுவிட்டு, செயல்படும் மூலப்பொருள் என்ற வரியைப் படியுங்கள். கிளைபோசேட் புல்லையும் சேர்த்துக் கொல்லும் என்பதால் லானுக்கு அது சரியான மருந்தும் இல்லை. வேண்டாமென்றால் சாக்கடையில் ஊற்றாமல், நகரசபை வீட்டு நச்சுக்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி (பிரின்ஸ்டன் பக்கம், நியூ ஜெர்சி): ஹெச்ஓஏவிலிருந்து (குடியிருப்போர் சங்கம்) லான் சரியில்லை என்று கடிதம். புல்லின் வேரைத் தின்னும் புழுவுக்கு மருந்து போடலாம் என்றால் பக்கத்து வீட்டுக்காரர் தேனீ வளர்க்கிறார், போடாதீர்கள் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: முதலில் புழு இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் அடிக்கு ஓர் அடி புல்லைப் பெயர்த்து எண்ணிப் பாருங்கள், ஐந்தாறுக்குக் கீழே இருந்தால் மருந்தே வேண்டாம். நிறைய இருந்தால், தேனீக்குக் கெடுதலான இமிடாகுளோப்ரிட் என்ற புழு மருந்தின் பக்கம் போகாதீர்கள். நியூ ஜெர்சியில் 2023 இறுதியிலிருந்து வீட்டுத் தோட்டத்தில் அந்த வகைக்குக் கட்டுப்பாடும் வந்துவிட்டது. குளோரான்ட்ரானிலிப்ரோல் என்ற மருந்தால் தேனீக்களுக்கு அதைவிட ஆபத்து மிகக் குறைவு. ஏப்ரல், மே மாதத்தில் போட்டுத் தண்ணீர் விட வேண்டும். போடுவதற்கு முன் புல்லுக்கிடையே பூத்திருக்கும் கிளோவர் களைப் பூக்களை வெட்டிவிட்டு, எந்த நாள் என்று அவரிடம் சொல்லுங்கள். நடைபாதையில் சிதறும் குருணையைப் புல்லுக்குள் திருப்பிப் பெருக்குங்கள், மழை வந்தால் அது நேராக வாய்க்காலுக்குப் போகும்.

கேள்வி (நேப்பர்வில், இல்லினாய்): பக்கத்து வீட்டில் கம்பெனி ஆள் அடித்துக்கொண்டிருக்கும்போதே காற்று எங்கள் பக்கம் வீசுகிறது. அப்போது என்ன செய்வது?

பதில்: வெளியே போய், அவர் பார்வையில் படுகிற மாதிரி தள்ளி நின்று கையைக் காட்டுங்கள். நாங்கள் ஆட்கள் பக்கம் மருந்து போகும்படி தெளிக்கக்கூடாது, நிறுத்தியாக வேண்டும். காற்று உங்கள் பக்கம் வருகிறது, குழந்தைகள் இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். நிறுத்தாவிட்டால் வண்டியில் இருக்கிற கம்பெனிப் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போன் போடுங்கள். யார் மேலாவது பட்டுவிட்டால் துணியை மாற்றி, சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு, 1-800-222-1222 என்ற விஷ உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். அப்போது மருந்தின் பெயர் கையில் இருந்தால் அவர்களால் சரியாக வழி சொல்ல முடியும், அதனால் அந்த ஆளிடம் அதை முதலிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.