22 வாரத்தில் 11 மி.மீ.: எம்.ஆர்.ஐ. குழந்தையைப் பாதிக்குமா?

சகோதரி, ஸ்கேனில் குழந்தையின் மூளை நீரறையின் (மூளைக்குள் திரவம் நிறைந்த அறை) அகலம் 11 மி.மீ. என்று வந்ததால் எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தார்கள், கதிர்வீச்சை நினைத்தால் பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிர்கள் கிடையவே கிடையாது, காந்தப்புலம்தான். தயங்காமல் எடுங்கள்.

10 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் இயல்பு. 10 முதல் 12 வரை லேசான விரிவு. வேறு குறை ஏதும் இல்லையென்றால் பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே வளர்கின்றன. அந்த 'வேறு குறை' உண்டா, மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலம் முழுதாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் இந்தச் சோதனை. 2016-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், 570 கருக்களில் மூளைக் குறையை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் 68 சதவீதம் சரியாகச் சொன்னது, எம்.ஆர்.ஐ. 93 சதவீதம்.

மூளை மடிப்புகள் பெரும்பாலும் பிந்தைய வாரங்களில்தான் உருவாகும். 30 வார அளவில் மறுபடி எடுக்கச் சொன்னால் பதறாதீர்கள்.

என் மனைவிக்கு ஜெயநகரில் எடுத்தோம். தாலியைக் கழற்றச் சொன்னதும் கலங்கிவிட்டாள். அம்மா வெறும் மஞ்சள் கயிற்றைக் கட்டி உள்ளே அனுப்பினார். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கக் கேளுங்கள், மூச்சு முட்டாது.

ஒருவேளை பெரிய குறை தெரிந்து கருக்கலைப்பு பற்றி யோசிக்க நேர்ந்தால், 24 வாரத்தைத் தாண்டிய பிறகு சட்டப்படி மருத்துவக் குழுவின் அனுமதி போன்ற சிக்கல்கள் வரும். இந்த வாரமே தேதி வாங்கிவிடுங்கள். அறிக்கையைக் குழந்தைகள் நரம்பியல் மருத்துவரிடமும் காட்டுங்கள்.